முரளிக்குக் கிடைத்ததும் மடுல்கெல்லவுக்குக் கிடைக்காததும்

முத்தையா முரளிதரன் என்ற பெயர் வந்தாலே நம்மிடையே பேச்சு அரசியல் பக்கம் திரும்பிவிடும். 2020 ஒக்டோபரில் ‘800’ திரைப்படத்திலிருந்து விஜய் சேதுபதி விலகியபோதும், 2023இல் வேறு நடிகருடன் அது வெளிவந்தபோதும் இதுதான் நடந்தது. போரில் உறவுகளை இழந்தவர்கள் அவருடைய அரசியல் நிலைப்பாடுகள் மீது கோபப்படக் காரணம் உண்டு. அந்தக் கோபத்தைத் தணிப்பது என் நோக்கமல்ல. ஆனால் மடுல்கெல்லயிலிருந்து பார்க்கும்போது வேறொரு கேள்வி எழுகிறது. முரளி ஏறிய ஏணி ஏன் தோட்டங்கள் வரை வரவில்லை?

அவருடைய பாட்டனார் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர். தந்தை கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். 1977 வன்முறையில் தன் குடும்பம் பாதிக்கப்பட்டதை முரளியே பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார். ஆக, அவரும் அடிபட்ட சமூகத்தின் பிள்ளைதான். ஆனாலும் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படிக்க முடிந்தது. அங்கே வேகப்பந்து வீசிய பதின்ம வயதுப் பையனைச் சுழற்பந்துக்கு மாறச் சொன்னவர் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ. பிறகு கொழும்பில் தமிழ் யூனியன் கழகம், 1992இல் தேசிய அணி. 2010இல் ஓய்வுபெற்றபோது 133 டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகள்.

1995இல் மெல்பேர்னில் நடுவர் டெரல் ஹெயார் அவர் பந்தை எறிகிறார் என்று தீர்ப்பளித்தார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அவர் பக்கம் நின்றார். அவருடைய கையைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் பரிசோதித்தார்கள். பின்னால் யாரும் இல்லாத ஒரு வீரனுடைய தொழில் அன்றோடு முடிந்திருக்கும்.

திறமையோடு பாடசாலை, பயிற்றுவிப்பாளர், கழகம், சபை என்று ஒவ்வொரு படியிலும் ஒரு கை நீண்டிருக்கிறது. தோட்டப் பிள்ளைக்கு முதல் படியே இல்லை. 1948 சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. நாடற்றவர் எந்த நாட்டின் சட்டையை அணிவது? இன்று அந்தத் தடை இல்லை. ஆனால் 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாகத்தான் இருந்தது. அதில் அரிசி வாங்குவதா, கிரிக்கெட் சப்பாத்து வாங்குவதா? சரிவெல்லாம் தேயிலை, சமதரை கிடைப்பதே அரிது. தோட்டங்களுக்கிடையே நடக்கும் மென்பந்துப் போட்டிகளில் நல்ல கைகளைக் காணலாம். ஆனால் தேசியத் தெரிவாளர்கள் வந்து பார்க்கும் இடம் அதுவல்ல.

வடக்கு ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது. யாழ் மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த், 2020இல் யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணிக்காக லங்கா பிரீமியர் லீக்கில் ஆடினார். 2024இல் ஐபிஎல்லில் ஹைதராபாத் அணிக்காகப் பந்துவீசினார். போர் தின்ற மண்ணிலும் பாடசாலைக் கிரிக்கெட் பிழைத்திருந்தது. தொழில்முறை அணி ஒன்று வந்ததும் கதவு திறந்தது.

வாக்குக் கேட்டு மலையேறி வருவோரிடம் நாம் கேட்க வேண்டியது பெரிய விளையாட்டரங்கு அல்ல. நாலைந்து தோட்டப் பாடசாலைகளுக்குச் சேர்த்துச் சம்பளம் பெறும் ஒரு பயிற்றுவிப்பாளர், ஒரு சமதரை, கண்டிக்குப் போய்வர பஸ் கட்டணம். முரளியைப் பற்றிய வழக்கை நாம் எத்தனை ஆண்டும் நடத்தலாம். பந்து வீசத் தெரிந்த பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அத்தனை ஆண்டுகள் இல்லை.