தனியாப் பிறக்காத நட்சத்திரங்கள்

கலைப்பீடத்தில படிக்கிற நாங்கள் கவிதை எழுதினால் ஒரு வரியிலாவது நட்சத்திரம் வந்துவிடும். அதுவும் 'தனித்து ஒளிரும்' நட்சத்திரம். பரீட்சையில முதலாவதா வாற பிள்ளைக்கும் அதே உவமைதான். ஆனால் நட்சத்திரம் எப்பிடிப் பிறக்குது எண்டு கேட்டால் கனபேர் முழிப்பம். ஓஎல் முடிஞ்ச கையோட விஞ்ஞானப் புத்தகத்தை மூடிவைச்ச ஆக்கள்தானே. நானும் அப்பிடித்தான்.

மாசி மாத முன்னிரவில வானத்தைப் பாருங்கோ. ஓரியனின் இடுப்புப்பட்டியில மூன்று நட்சத்திரங்கள் வரிசையா நிற்கும். அதுக்குத் தெற்கே புகைபோல ஒரு சின்னத் திட்டு. ஏறத்தாழ 1,350 ஒளியாண்டு தூரத்தில இருக்கிற ஓரியன் நெபுலா அது. அதுக்குப் பின்னால ஐதரசன் மூலக்கூறுகளும் தூசும் நிறைந்த பிரமாண்டமான முகில் ஒன்று இருக்கிறது. அதன் அடர்ந்த பகுதிகளில் வெப்பநிலை ஏறத்தாழ -260 பாகை செல்சியஸ். அந்தக் குளிர்தான் முக்கியம். வாயு சூடாக இருந்தால் விரியப் பார்க்கும். குளிர்ந்தால் ஈர்ப்பு வெல்லும். முகில் துண்டு துண்டாகச் சுருங்கி, ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான நட்சத்திரங்கள் பிறக்கும்.

இது ஒற்றுமைக் கதை மட்டுமில்லை. அந்தக் கூட்டத்தின் நடுவில் சூரியனைவிட 30 மடங்குக்கும் மேல் திணிவான ஒரு நட்சத்திரம் இருக்கிறது. அதன் புறஊதாக் கதிர்கள் சுற்றியிருக்கிற வாயுவைக் கலைக்கின்றன. பக்கத்து இளம் நட்சத்திரங்களைச் சுற்றி, பிறகு கோள்களாகக்கூடிய தட்டுகள் இருக்கின்றன. அவை ஆவியாகிப் போவதை ஹபிள் தொலைநோக்கி படமெடுத்திருக்கிறது. இப்படியான முகில்களில் பெரும்பகுதி வாயு நட்சத்திரமாகாமலே சிதறிவிடும்.

எங்கட சூரியனும் 460 கோடி வருடங்களுக்கு முன் இப்படியொரு கூட்டத்தில்தான் பிறந்திருக்கும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சகோதரங்கள் எல்லாம் எங்கேயோ பிரிந்து போய்விட்டன. தனிமை பிறகு வந்தது.

அப்போ 'தனித்து ஒளிரும்' எண்ட உவமையில பாதிக் கதைதான் இருக்கு. எந்த முகிலில பிறந்தம், பக்கத்தில யார் நிண்டது, ஆருக்கு வாயு கிடைக்காமல் போனது எண்டதெல்லாம் அதில இல்லை. முதலாவதா வந்த பிள்ளையைப் பாராட்டேக்க நாங்கள் மறக்கிறதும் இதைத்தான்.

உவமையை விடச் சொல்லேல்லை. மூடிவைச்ச அந்தப் புத்தகத்தைத் திரும்பத் திறந்துபோட்டு எழுதுவம்.