முரட்டு ஸ்க்ரூவும் மூன்று நாள் பொறுமையும்

காதுத் தோட்டின் திருகாணி என்றைக்காவது இறுகிக்கொண்டதுண்டா? அப்போது என்ன செய்கிறீர்கள்? குறட்டை எடுத்துக்கொண்டு முறுக்குவதில்லை. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சற்றுப் பொறுத்து, முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துக் கழற்றிவிடுகிறீர்கள். இந்த வாரம் நான் சொல்லப்போகிற சமாசாரம் முழுவதும் அதிலேயே அடங்கிவிட்டது. திருகாணிதான் கொஞ்சம் பெரிசு!

சில வீடுகளில், அப்பாவோ மாமனாரோ பழகிய பட்டறை வைஸ் ஒன்று பின்கட்டில் துருப்பிடித்துக் கிடக்கும். வீட்டில் ஒரு பிள்ளை அதைப் பழுது பார்க்க ஆசைப்படுவான். தாடைத் தகடுகளைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் அசைய மாட்டோம் என்று அடம் பிடிக்கும். இரண்டு தரம் முறுக்கிப் பார்த்துவிட்டு, "காயலான் கடையில் எடைக்குப் போடு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அந்தத் தீர்ப்பை மூன்று நாள் தள்ளிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒரு மனிதர் ஆயுசு முழுவதும் கைப்பிடி பிடித்த பொருள், நாலு ஸ்க்ரூவுக்காகத் தராசுத் தட்டில் ஏற வேண்டுமா?

ஸ்க்ரூ ஏன் இறுகுகிறது? இரும்பு துருவாக மாறும்போது இரண்டு மடங்குக்கும் மேலாகப் பருத்துவிடுகிறது. மரையின் இடுக்கில் அதற்கு இடம் ஏது? ஆப்பு வைத்த மாதிரி இறுகிவிடுகிறது. பலத்தைக் காட்டினால் துரு விட்டுக்கொடுக்காது. ஸ்க்ரூவின் தலைதான் சிதையும். தலை போய்விட்டால் வேலை பத்து மடங்கு.

முதல் நாள், வைஸின் நடுத் திருகை முழுவதும் சுற்றி, அசையும் தாடையைத் தனியே உருவிவிடுங்கள். ஸ்க்ரூவின் தலை மேலே பார்க்கும்படி இரண்டு பாகங்களையும் படுக்க வையுங்கள். நிமிர்ந்து நின்றால் எண்ணெய் வழிந்து போகுமே தவிர உள்ளே இறங்காது. தலையில் உள்ள பிளவை அடைத்திருக்கும் அழுக்கைக் கோணி ஊசியால் கிளறி எடுங்கள். பிறகு, துருவில் ஊடுருவும் எண்ணெயைக் கடையில் கேட்டு வாங்கி, காலையும் மாலையும் சில சொட்டுகள் விடுங்கள். இடையிடையே தலையில் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். அந்த அதிர்ச்சியில் துரு விரிசல் விடும். எண்ணெய் வழி கண்டுகொள்ளும். ஆனால் தாடையின் மேலே ஓங்கி அடிக்காதீர்கள். வைஸின் உடம்பு பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அடி தாங்காமல் வெடித்துவிடும்.

மூன்றாம் நாள் திருப்புளியை எடுக்கலாம். அதன் முனை பிளவு முழுவதையும் அடைத்து நிற்க வேண்டும். சின்னத் திருப்புளி வழுக்கினால் ஸ்க்ரூவும் கெடும், உங்கள் உள்ளங்கையும் கிழியும். முதலில் ஒரு மயிரிழை இறுக்கிப் பாருங்கள், அப்புறம் தளர்த்துங்கள். அசைந்தது என்று சந்தோஷப்பட்டு ஒரே மூச்சில் சுழற்றிவிடக் கூடாது. அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே, மறுபடி ஒரு சொட்டு எண்ணெய்.

அப்படியும் மசியவில்லையா? ஊறுகாய்ப் பாட்டிலின் தகர மூடி திறக்காவிட்டால் வெந்நீரில் காட்டுகிறீர்களே, அந்த உபாயம்தான். ஒரு மீட்டர் எஃகு 100 டிகிரி சூடேறினால் சுமார் 1.2 மில்லிமீட்டர் நீளும். சின்ன ஸ்க்ரூவில் இது அற்பம்தான். ஆனால் துருவின் பிடியை உடைக்க அற்பமே போதும். சூடு காட்டுவதற்குமுன் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தீப்பற்றும். சூட்டோடு தண்ணீர் ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு விரிந்துவிடும். இன்னொன்று மிக முக்கியம்: பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அதைச் சூடாக்கினால் வரும் புகையும், சுரண்டினால் வரும் தூசியும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் விஷம். பெயிண்ட் பூசிய வைஸ் என்றால் சூட்டு வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

ஸ்க்ரூவின் தலை ஏற்கெனவே சிதைந்திருந்தால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். தலையை மட்டும் துளைத்து எடுத்துவிட்டால் தகடு கையோடு வந்துவிடும். நீட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தைக் குறட்டால் பிடித்துச் சுற்றலாம்.

புது ஸ்க்ரூ வாங்கப் போகும்போது பழையதைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்தது 1956-ல். அதற்கு முந்திய வைஸில், விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் 1841-ல் வகுத்த அங்குலக் கணக்கு மரை இருக்கலாம். அதன் கோணம் 55 டிகிரி. மெட்ரிக் மரைக்கு 60. இரண்டு சுற்று ஒழுங்காகப் போய், மூன்றாவதில் முறைத்துக்கொண்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சம்பந்தம் பொருந்தவில்லை என்று அர்த்தம்!

இதற்கெல்லாம் புஜபலம் வேண்டுமே என்று சில சகோதரிகள் தயங்கலாம். சிக்கு விழுந்த நூலை அறுக்காமல் பிரிக்கத் தெரிந்த கைக்கு இது எம்மாத்திரம்? கண்ணுக்கு ஒரு கண்ணாடி மாட்டிக்கொண்டு, மகனையோ மகளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். திரும்பப் பூட்டும்போது ஒவ்வொரு மரையிலும் துளி கிரீஸ் தடவ மறக்காதீர்கள். இன்னும் முப்பது வருஷம் கழித்து அதைக் கழற்றப் போகிறவர் உங்களை மனசார வாழ்த்துவார்.