பூஜப்புரைக்கும் ஒரு பயணம்

ஆசிரியருக்கு,

மலேசியாவின் கெடா மாநில மாணவர்களின் வெளிநாட்டுக் கல்விப் பயணம் என்றாலே இலண்டன், ஆஸ்திரேலியா என்றுதான் பேச்சு. திருவனந்தபுரம் பூஜப்புரையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அங்குள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் மருத்துவரும் பொறியாளரும் சேர்ந்தே வேலை செய்கிறார்கள். அங்கு டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவான செயற்கை இதய வால்வின் முதல் மூன்று மாதிரிகள் தோற்றன. நான்காவது, 1990 டிசம்பரில் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இறக்குமதி வால்வு வாங்க வழியில்லாதவர்களுக்கு அது வாழ்வு தந்தது. அந்த மூன்று தோல்விகளைப் பற்றித்தான் மாணவர்கள் முதலில் கேட்க வேண்டும்.

நம் கெடாவிலும், 2001இல் தொடங்கி இன்று செமிலிங்கில் இயங்கும் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் பொறியியலும் ஒரே வளாகத்தில் உள்ளன; இரண்டும் சேர்ந்து என்ன செய்ய முடியும் என்பதை அதன் மாணவர்கள் பூஜப்புரையில் காணலாம். ஆனால் பீடோங், கூலிம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விமானச் செலவுதான் தடை. இந்திய சமூக அமைப்புகள் ஆண்டுக்கு இருவரையாவது அங்கு அனுப்பட்டும்.

வாசகர், சுங்கைப்பட்டாணி