ஐந்தாம் படிதான் கடினம்

ஆசிரியருக்கு,

குடிநோய் மீட்பு பற்றிய உங்கள் கட்டுரை மருந்தோடு நின்றுவிட்டது வருத்தமே. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தில், மதுவிடம் தோற்றதை ஒப்புக்கொள்வது முதல் படி மட்டுமே. நான்காம் படியில் தன் குறைகளை அஞ்சாமல் கணக்கெடுக்க வேண்டும். ஐந்தாம் படியில் அவற்றைக் கடவுளிடமும் தன்னிடமும் இன்னொரு மனிதரிடமும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கடவுளிடம் சொல்லிவிடலாம், எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லத்தான் நா எழாது. ஆன்மிகம் அங்கேதான் தொடங்குகிறது என்று நம்புகிறேன். ஒன்பதாம் படி, தீங்கிழைத்தவர்களுக்கு நேரில் பரிகாரம் செய்யச் சொல்கிறது. அது அவர்களையோ பிறரையோ புண்படுத்துமானால் தவிர்க்கவும் சொல்கிறது. எவ்வளவு பெரிய கருணை இது! மருத்துவமனைகள் நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது மருந்துச் சீட்டோடு அருகில் இந்த இயக்கத்தின் கூட்டம் நடக்கும் இடத்தின் முகவரியையும் கொடுத்தனுப்பட்டும்.

– ஒரு வாசகர், மதுரை