ஈரத் தரையும் நம் முதியோரும்



ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையை ஒட்டிய சானமாவுக் காட்டுக்கு, கேழ்வரகு முற்றும் காலத்தில் கர்நாடக வனங்களிலிருந்து யானைக் கூட்டங்கள் வந்து தங்குவதை நாம் அறிவோம். யானை வந்துவிட்டது என்ற செய்தி எட்டிய மாத்திரத்தில் வழிப்போக்கர் எச்சரிக்கை அடைவர். உழவர் பொழுது சாயுமுன் வீடு திரும்புவர். இவ்வச்சம் நியாயமானதே. ஆனால் அந்த விழிப்பில் பத்தில் ஒரு பங்கையேனும் நம் வீட்டுக் குளியலறையின் ஈரத் தரையிடம் நாம் காட்டுகிறோமா?

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, உலகெங்கும் ஆண்டொன்றுக்கு 6,84,000 பேர் தவறி விழுந்து இறக்கின்றனர். எதிர்பாராக் காயங்களால் நேரும் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கே. மருத்துவ உதவியை நாடவேண்டிய அளவுக்குக் கடுமையான வீழ்ச்சிகளோ ஆண்டுக்கு 3 கோடியே 73 இலட்சம். இறப்போருள் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல், நம் நாட்டைப் போன்ற குறைந்த, நடுத்தர வருவாயுள்ள நாடுகளில் வாழ்பவர்கள். வயது வரிசையில் பார்த்தால் 60ஐக் கடந்தவர்களே மிகுதி. புளி உலுக்க மரமேறுவோரும், கட்டடச் சாரத்தில் நிற்போரும் விழுந்தால் ஊர் கூடுகிறது, செய்தித்தாளிலும் வருகிறது. வீட்டுக்குள் முதியோர் விழுவது வெளியே தெரிவதில்லை.

இவ்விபத்து பெரியோர் சிறியோர் என்று பார்ப்பதில்லை. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1994 ஏப்ரலில், தம் 73ஆம் வயதில், குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தார். அறுவைச் சிகிச்சைக்குப்பின் கைத்தடி அவருக்குத் துணையாயிற்று. வேலூரில் பிறந்து, தம் இனிய குரலால் நாட்டையே மகிழ்வித்த பாடகி வாணி ஜெயராம், 2023 பிப்ரவரி 4 அன்று சென்னையில் தம் இல்லத்தில் இறந்து கிடந்தார். வயது 77. விழுந்ததில் தலையில் பட்ட அடியே காரணம் என்று கண்டறியப்பட்டது. கணவரை இழந்தபின் அவர் தனித்து வாழ்ந்தவர். அழைப்பு மணிக்கு விடை வராதபோதுதான் உலகுக்குச் செய்தி தெரிந்தது.

தனிமை என்பது நகரத்துப் பெருவீட்டில் மட்டுமா உள்ளது? நம் பகுதியில் மகனும் மருமகளும் ஆலைக்கு ஷிப்டு வேலைக்குச் செல்ல, சொந்த ஊரிலிருந்து வந்த தாய் பகலெல்லாம் வாடகை வீட்டில் தனியே இருக்கிறாள். சாணம் மெழுகிய தரையில் நடந்து பழகிய கால்களுக்கு, தண்ணீர் சிந்திய டைல்ஸ் தரை புதிது.

முதுமையில் எலும்பு வலுவிழக்கிறது. இடுப்பெலும்பு முறிந்தவர் படுக்கையிலேயே கிடந்தால் படுக்கைப்புண், நுரையீரல் அழற்சி, இரத்தக் கட்டி ஆகியவை தொடரக்கூடும். எலும்பு முறிவைவிட இவையே பலரைக் கொண்டுபோகின்றன. ஆகையால் விழுந்தவர் எழ இயலாது தவித்தால், எண்ணெய் தடவி நீவுவதும், கைகால் பிடித்து இழுப்பதும் ஆகாது. அசைக்காமல் வைத்து 108ஐ அழைத்து, தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இவற்றினும் நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றுண்டு. முதியோர் பலர் முதல் முறை விழுந்ததை மறைத்துவிடுகின்றனர். ஏன்? "பார்த்து நடக்கக் கூடாதா?" என்ற கடுஞ்சொல்லுக்கு அஞ்சி, பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோமோ என்று வருந்தி. ஒருமுறை விழுந்தவர் மறுமுறை விழும் வாய்ப்பு மிகுதி என்பது மருத்துவ உண்மை. இரத்த அழுத்த மாத்திரையோ, தூக்க மாத்திரையோ, கண்புரையோ, கால்களின் தளர்ச்சியோ அம்முதல் வீழ்ச்சிக்குக் காரணமாயிருக்கலாம். அதை அவர் சொன்னால் மருத்துவர் ஆராய்ந்து மாற்று வழி காண்பார். சொல்லாவிடில், இரண்டாம் வீழ்ச்சி சொல்லவும் இடம் தராது போகலாம். எனவே கண்டிப்பை விடுத்து, "அம்மா, எங்கே வலிக்கிறது? எப்படி விழுந்தீர்கள்?" என்று கனிவோடு கேளுங்கள். அக்கேள்வி ஓர் உயிரைக் காக்கும்.

செய்யவேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பனவல்ல. குளியலறைச் சுவரில் உறுதியான கைப்பிடி ஒன்று. இரவெல்லாம் எரியும் சிறு விளக்கு. நடைவழியில் கிடக்கும் மிதியடி, பாத்திரம், மின்கம்பி ஆகியவற்றை அகற்றுதல். சிந்திய நீரை உடனே துடைத்தல். தேய்ந்த செருப்பை மாற்றுதல். முதியோரும் படுக்கையைவிட்டுச் சட்டென எழாமல், சற்று உட்கார்ந்து, தலைசுற்றல் இல்லையென உணர்ந்தபின் நிற்பாராக. கைத்தடி ஊன்றுவது இழிவன்று. அன்றாடம் சிறிது நடத்தலும் கால்களுக்கு வலுவூட்டும்.

அண்டை வீட்டாருக்கும் ஒரு பங்குண்டு. தனித்திருக்கும் முதியவரின் கதவை நாளுக்கு ஒருமுறை தட்டி, இரண்டு வார்த்தை பேசிச் செல்லுங்கள்.

விழுவதை விதி என்று சொல்லி ஒதுங்குவது எளிது. நம்மை நடக்கப் பழக்கிய நாட்களில் நாம் விழுந்தபோதெல்லாம் அவர்கள் வைதார்களில்லை, ஓடிவந்து தூக்கினார்கள். இன்று நம் முறை. இவ்வாரம் முடிவதற்குள் உங்கள் வீட்டுக் குளியலறையில் அந்தக் கைப்பிடியைப் பொருத்திவிடுங்கள்.