வெள்ளிக்கிழமைக் கூட்டமும் நம் தெருவும்

கூத்தாநல்லூரிலோ அதிராம்பட்டினத்திலோ ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பெரிய பள்ளிவாசல் பக்கம் போய்ப் பாருங்கள் தோழர்களே. யாரும் துண்டறிக்கை கொடுக்கவில்லை, வேன் அனுப்பவில்லை, தலைக்கு இவ்வளவு என்று பேசவில்லை. ஆனாலும் கூட்டம் சேர்ந்துவிடுகிறது, வாரம் தவறாமல்.

பள்ளிவாசலில் மூளைச்சலவை நடக்கிறது என்று சங்கிகள் சொல்லட்டும். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தபோது நாம் கண்டது வேறு. டெல்டாவின் முஸ்லிம் ஊர்கள் அவ்வளவு விரைவாகத் தெருவுக்கு வந்ததற்குக் காரணம் உணர்ச்சிப் பேச்சு மட்டுமல்ல. ஜமாஅத்திடம் குடும்பப் பதிவேடு இருக்கிறது. சந்தா கட்டாத வீடு எது, கல்யாணம் எங்கே, மையத்து எங்கே என்று அதற்குத் தெரியும். ஒரு சேதியை ஒரே நாளில் ஒவ்வொரு வீட்டுக்கும் அதனால் கொண்டுபோக முடியும். அதே டிசம்பர் 20ஆம் தேதி டெல்லி ஜாமா மஸ்ஜித் வாசலில் பீம் ஆர்மியின் சந்திரசேகர் ஆசாத் அரசியலமைப்புச் சட்டப் புத்தகத்தை உயர்த்திப் பிடித்தார். அவர் போய் நின்ற இடமும் ஏற்கெனவே மக்கள் கூடிப் பழகிய இடம்தான்.

நமக்கு அப்படி ஓர் இடம் உண்டா? இந்த மண்ணில் நாம் கூடுவதே குற்றமாக இருந்தது. செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து கூலி உயர்வு கேட்டதற்குத்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்து எரித்தார்கள். இன்று பல தெருக்களில் சமுதாயக்கூடத்தின் சாவி வேறு யாரிடமோ இருக்கிறது. அண்ணல் சிலையோ கம்பிக் கூண்டுக்குள்.

அதற்காக ஜமாஅத்தை அப்படியே தலையில் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. நிர்வாகத்தில் பெண்கள் எங்கே? பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் தாவூத் ஷரிபா கானம் பெண்களுக்கென்று தனி ஜமாஅத் தொடங்க வேண்டி வந்தது ஏன்? தேர்தல் வந்தால் நாலு பெரியவர்கள் உட்கார்ந்து ஊர் ஓட்டைப் பேசி முடிப்பது விழிப்புணர்வு ஆகுமா? முஸ்லிம் மிராசுகளின் வயலிலும் நம் அம்மாக்கள் கூலிக்கு நடவு நட்டிருக்கிறார்கள். அந்தக் கூலி பற்றி எந்த ஜும்ஆ பயானிலும் நாம் கேட்டதில்லை.

இன்னொன்று. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இஸ்லாத்துக்குப் போகும் தலித் பட்டியல் சாதி உரிமையை இழக்கிறார். சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அந்தக் கதவு திறந்தது. முஸ்லிமுக்கும் கிறித்தவருக்கும் இன்னும் திறக்கவில்லை. இது நம் பிரச்சினையா, அவர்கள் பிரச்சினையா?

அக்டோபர் 2 கிராம சபைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரத்தில், பத்து நிமிடம் பேச அனுமதி கேட்டு நம் பகுதி முத்தவல்லிகளைப் பார்க்கப் போகிறோம். பட்டாவும் நடவுக் கூலியும்தான் பேச்சு. அதே வாரம் நம் தெருக் கூட்டத்துக்கு அவர்களை அழைக்கிறோம். சமுதாயக்கூடத்தின் சாவியை யாரிடம் போய்க் கேட்பது என்பதை மட்டும் அதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.