வீட்டு வண்டியும் மாமி வீட்டுக் கிணறும்

வீட்டையே சக்கரங்களின்மேல் ஏற்றிக்கொண்டு, கடற்கரையோரமாக ஊர் ஊராய்ச் சென்று உற்றார் உறவினரைக் கண்டு வருவது கனடாவிலும் அமெரிக்காவிலும் பெருவழக்கு. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை யாவும் அவ்வண்டிக்குள் அடக்கம். அங்கே குடியேறிய நம்மவரும் கோடை விடுமுறையில் அவ்வாறு புறப்படுகின்றனர். அந்தச் சுவை கண்டவர்கள், "கரம்பொன்னுக்கும் இப்படியே போய் வரலாகாதா?" என்று கேட்கின்றனர். போகலாம். ஆயினும், தீவகத்தின் இயல்பறிந்து போதல் நன்று.

இவ்வகைப் பயணம் நமக்குப் புதியதன்று. இரட்டை மாடு பூட்டிய கூடார வண்டியில் பாயும் பானையும் அரிசியும் ஏற்றிக்கொண்டு திருவிழாவுக்குப் புறப்பட்ட நம் முன்னோர், வழியிலே உறவினர் வீட்டு முற்றத்தில் மாட்டை அவிழ்த்து இளைப்பாறினர். கட்டுச்சோறு கையில் இருந்தது மெய்தான். ஆனால், மாமி வீட்டுப் படலையைத் திறவாமல் தாண்டிப் போய்விட்டால் அடுத்த கல்யாணம் வரையில் அந்தப் பேச்சு ஓயாது!

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்தால் அல்லைப்பிட்டி வழியாகக் கரம்பொன்னுக்கும், அதற்கப்பால் ஊர்காவற்றுறைக்கும் தரைவழியாகவே செல்லலாம். வேலணையிலிருந்து புங்குடுதீவுக்கும் ஒரு தாம்போதி உண்டு. அத்தீவின் ஓரத்திலே குறிகட்டுவான் இறங்குதுறை. அதற்கப்பால் சக்கரத்துக்கு வேலையில்லை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறித்தான் போக வேண்டும்.

உறவு மட்டும் இறங்குதுறையோடு நின்றுவிடுவதில்லை. 1913ஆம் ஆண்டு கரம்பொன்னிற் பிறந்த தனிநாயகம் அடிகளாரின் தந்தைவழி நெடுந்தீவைச் சேர்ந்தது. அவர் பூண்ட பெயரும் அத்தீவின் முன்னோர் ஒருவரது பெயரே. உலகெலாம் சுற்றி 'ஒன்றே உலகம்' என்ற பயண நூலை எழுதிய அப்பெரியாருக்கே உறவு இரு தீவுகளில் எனின், ஏனையோரைச் சொல்வானேன்? ஆகவே, தீவகத்தில் உறவு பார்க்கப் புறப்படுவோர் கடலையும் கணக்கில் சேர்த்தே நாள் குறிக்க வேண்டும்.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது தண்ணீரைப் பற்றி. தீவகத்தில் ஆறில்லை. மாரியிற் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படலமாய் மிதந்து நிற்கின்றது. கிணற்றில் நாம் அள்ளுவது அந்தப் படலத்தையே. அளவோடு அள்ளினால் நல்ல நீர். பம்பு வைத்து ஒரேயடியாக இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலேறிவிடும். ஒருமுறை உவர்த்த கிணறு தேறுவதற்கு அடுத்த மாரியைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பள்ளிகளுக்கு விடுமுறை கிடைப்பதோ ஆடி, ஆவணியில். சோளகம் வீசி, நிலம் வறண்டு, கிணறு அடியைத் தொடுங் காலம் அதுவே. அந்த வேளையில் பத்துப்பேர் வந்திறங்கி நாளுக்கு இருமுறை முழுகினால், வீட்டுக்காரி வாய் திறந்து ஒன்றுஞ் சொல்லமாட்டாள். "குளி ராசா, குளி" என்றுதான் சொல்வாள். நீங்கள் போன பின்பு குடத்தைத் தூக்கிக்கொண்டு அயல்வீட்டுக் கிணற்றுக்கு நடக்கிறவளும் அவளே. ஆதலால், குடிக்கவும் கைகால் அலம்பவும் வேண்டிய நீரை யாழ்ப்பாணத்திலேயே நிரப்பிக்கொண்டு போங்கள். பெட்டி பெட்டியாய்ச் சாக்லேட் சுமந்து போவதிலும் இது பெரிய உபகாரம். வண்டியின் கழிவுத் தொட்டியைத் தீவகத்தில் எவ்விடத்திலும் திறவாதீர்கள். மேலே ஊற்றுவது கிணற்றுக்குத்தான் இறங்கும்.

வண்டி சிறியதாக இருக்கட்டும். நம் ஒழுங்கைகள் மாட்டு வண்டிக்கு அளந்து விட்டவை. இருபுறமும் வேலி, மேலே பூவரசங் கிளை. பெரிய வண்டியைத் தெருவோரத்தில் அனுமதி பெற்று நிறுத்திவிட்டு நடப்பதே நலம். நடந்து போனால் வழியிலே நாலு பேர், "ஆர் பிள்ளை?" என்று கேட்பார்கள். இன்னாரின் பேரனென்று சொல்லப் பிள்ளைகளைப் பழக்கி வையுங்கள். குஞ்சியப்பு யார், அம்மான் யார் என்பதையும் வண்டியிலேயே சொல்லிக் கொடுக்கலாம்.

1990ஆம் ஆண்டின் இடப்பெயர்வுக்குப் பின் தீவகத்தில் எத்தனையோ வீடுகள் ஆளின்றிப் போயின. மீண்டு வந்தவர்களிற் பலர் முதியோர். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பாரிசிலும். அப்படியிருக்க, ஒரே நாளில் பன்னிரண்டு வீடென்று பட்டியலிட்டு, வீட்டுக்குக் கால் மணி நேரமும் ஒரு புகைப்படமுமாக ஓடுகின்ற பயணத்தை நாம் ஒப்புவதில்லை. அதனிலும் நான்கு வீடு போதும். வீட்டு வண்டியில் ஒரு வசதி இருக்கிறது: படுக்கை உங்களிடமே உண்டு. முதியவர் தம் கட்டிலை விட்டுத் தரையிற் படுக்க வேண்டியதில்லை. இரவு விளக்கணைக்கும் வரையில் அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம். பகலில் வாராத கதை அப்போதுதான் வரும்.

தகப்பன் பகுதியில் ஓரிரவு தங்கினால் தாய்ப் பகுதியிலும் ஓரிரவு தங்குக. இதற்கு விளக்கம் வேண்டுமா?

நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் படகு நேரத்தை முதல்நாளே விசாரித்து வைத்துக்கொள்க. கடற்பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். சோளகக் காலத்திற் குலுக்கல் அதிகம், காலைச் சாப்பாடு கொஞ்சமாய் இருக்கட்டும். திரும்பும் படகைத் தவறவிட்டால் அன்றிரவு அங்கேதான் தங்க நேரும். அங்கேயுள்ள பெரியம்மாவுக்கு அதனால் வருத்தம் ஒன்றுமிராது.